பட்டியலில் முதல் 12 பேர் அணி ஆகிவிட மாட்டார்கள்

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாக ஊர் ரெக் லீக்கில் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) ஆடுகிறாள். அவளோடு ஆடும் இரண்டு பெண்களின் அப்பாக்களும் நானும் சேர்ந்து 12யூ (12 வயது வரை) டிராவல் அணி, அதாவது பல ஊர்ப் போட்டிகளுக்குப் போகும் அணி, ஒன்று தொடங்குகிறோம். ஆகஸ்டில் ட்ரைஅவுட். இதுவரை 31 பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் கல்லூரிக் காலத்தில் டிவிஷன் கிரிக்கெட் ஆடியவன். ஆட்டம் புரியும், ஆனால் ஆள் எடுத்துப் பழக்கமில்லை. எப்படித் தேர்வு செய்வது? தமிழ்ச் சங்க நண்பர்கள் மூவர், "நம்ம பிள்ளைங்கதானே, பார்த்துக்கோங்க" என்கிறார்கள். இன்னொன்று: இடது கையால் எறியும் பெண் ஒருத்தி, படு துடிப்பானவள், ஷார்ட்ஸ்டாப்தான் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் இடம்) ஆடுவேன் என்கிறாள். எடுக்கலாமா?

பதில்: மூன்று அப்பாக்கள் தொடங்கும் அணி என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே முதல் கணக்கு இருக்கிறது. உங்கள் மூன்று பேரின் மகள்களும் அணியில் இருப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை மறைக்காமல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: "மொத்தம் 12 இடம், அதில் 9 இடத்துக்குத் தேர்வு." 12 இடமும் காலி என்று 31 குடும்பங்களை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, பிறகு மூன்றைக் கழித்தால் அந்தப் பேச்சு அடுத்த வருட ட்ரைஅவுட் வரை உங்களைத் துரத்தும். மூன்று பெண்களும் முதுகில் எண் ஒட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஓடட்டும். ஆனால் அவரவர் மகளுக்கு அவரவர் அப்பா மதிப்பெண் போடக் கூடாது. உங்கள் மகள் ஒன்பதாவது பேட்டராக வந்தால் ஒன்பதாவதாகவே ஆடவேண்டும். அப்பாவுக்காக அவளை மேலே ஏற்றினால் அதைத்தான் இங்கே 'டாடி பால்' என்று கேலி செய்வார்கள்.

அடுத்து, ஏன் 12? களத்தில் 9 பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு நடனப் பள்ளி ஆண்டு விழா என்றால் 11 பேர் அணி ஒற்றைக்காலில் நிற்கும். 14 பேர் எடுத்தால் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார வேண்டும். மூன்றாவது வாரம் அவர்களுடைய அம்மாக்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். 12 பேர் என்பது இரண்டு பக்கமும் அடிவாங்காத எண்.

இனி அந்த 12 பேர் யார் என்பது. மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்தி மேலேயிருந்து 12 பெயரை வெட்டி எடுப்பதுதான் புது அணிகள் செய்யும் பெரிய தவறு. அப்படி எடுத்தால் ஐந்து ஷார்ட்ஸ்டாப்பும் ஒரே ஒரு பிட்சரும் (பந்து வீசுபவர்) கிடைப்பார்கள். ஒரு வார இறுதிப் போட்டியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை இரண்டு அல்லது மூன்று ஆட்டம், ஞாயிறு தோற்கும் வரை நாக் அவுட். சராசரி ஐந்து ஆட்டம் என்று வையுங்கள். நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ஆட்டத்துக்கு நாலு, ஐந்து இன்னிங்ஸ்தான் போகும் (இங்கே மூன்று அவுட் ஆனாலே ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும்). ஆக 25 இன்னிங்ஸ் வரை. 12 வயதுப் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸுக்கு 18 பந்தாவது ஆகும். மொத்தம் 450 பந்து. விளையாட்டு மருத்துவத்தில் 10–12 வயதுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஆட்டத்துக்கு 65, நாளுக்கு 95. இரண்டு நாளில் ஒருத்தி 190 பந்துக்கு மேல் வீசக் கூடாது. இரண்டு பிட்சர் இருந்தால் 380. பற்றாது. மூன்று பேர் வேண்டும், கற்றுக்கொண்டிருக்கும் நாலாவது ஒருத்தி இருந்தால் நல்லது. "கீழ்க்கை வீச்சுதானே, தோளுக்கு ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கையை முழு வட்டமாகச் சுற்றி வீசும் விண்ட்மில் சுழற்சியில் தோளின் முன்பக்கமும் பைசெப்ஸ் தசைநாரும் நன்றாகவே அடிபடும்.

ஆகவே தேர்வின் வரிசை இது: பிட்சர்கள் மூவர், கேட்சர்கள் (பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர்கள்) இருவர். டெக்சாஸ் வெயிலில் முழுக் கவசத்தோடு ஒருத்தியை ஒரே நாளில் மூன்று ஆட்டம் குந்தவைக்க முடியாது. பிறகு ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட். அதற்குப் பிறகு மோசமாக வரும் எறிதலைத் தரையிலிருந்து வாரி எடுக்கத் தெரிந்த முதல் பேஸ்காரி. மிச்ச இடங்களுக்கு நன்றாக அடிக்கிறவர்களும் வேகமாக ஓடுகிறவர்களும். வீசாத நேரத்தில் வேறெங்கும் ஆடத் தெரியாத பிட்சர் ஒரு இடத்தை விழுங்கிவிடுவாள். மூன்று பிட்சரில் இரண்டு பேராவது முதல் அல்லது மூன்றாம் பேஸில் நிற்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

ட்ரைஅவுட்டை ஒரே நாளில் முடிக்காதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 8 முதல் 10:30 வரை வையுங்கள். ஆகஸ்ட் மாத மதியம் அங்கே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். முதல் நாள் பதற்றத்தில் சொதப்பிய பெண் இரண்டாம் நாள் எப்படி வருகிறாள் என்பதே பாதி விடை. 31 பேருக்கு ஆறு பெரியவர்களாவது வேண்டும். அதில் மூன்று மதிப்பீட்டாளர்கள் யாருடைய பெற்றோராகவும் இருக்கக் கூடாது. பக்கத்து உயர்நிலைப் பள்ளி உதவிப் பயிற்சியாளர், கல்லூரியில் ஆடும் பெண் என்று யாரையாவது பணம் கொடுத்தாவது கூப்பிடுங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் மட்டும். 1 முதல் 5 வரை மதிப்பெண், கூடவே ஒரு வரி குறிப்பு. இரவு உட்கார்ந்து பேசும்போது மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வரிதான் உதவும். பிறப்புச் சான்றிதழ் நகலைப் பதிவின்போதே வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆடப்போகும் சங்கம் யூஎஸ்ஏ சாஃப்ட்பாலோ யூஎஸ்எஸ்எஸ்ஏவோ, அதன் நடப்பு விதிப்புத்தகத்தில் வயது கணக்கிடும் தேதியை வைத்துச் சரிபாருங்கள். தேர்வு முடிந்தபின் "இவள் 14யூ" என்று தெரியவந்தால் இடம் காலியாகும், மனமும் உடையும். யூஎஸ்ஏ சாஃப்ட்பாலில் பதிவு செய்யும் பயிற்சியாளர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியும் (பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றியது) கட்டாயம். மூவரும் இப்போதே முடித்துவிடுங்கள்.

வார்ம் அப்பின்போது பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஜோடி ஜோடியாக எறியும் அந்தப் பத்து நிமிடத்தில் நிறையத் தெரியும். முழங்கை தோள் மட்டத்துக்கு வருகிறதா, கீழே தொங்குகிறதா? எறியும் திசையில் கால் போகிறதா? பந்து தலைக்கு மேல் போனால் யார் ஓடி எடுக்கிறாள், யார் தோழியை முறைக்கிறாள்? எறியும் முறை கெட்டுப்போயிருந்தால் சரிசெய்ய ஒரு முழுக் குளிர்காலம் ஆகும். அடிக்கும் முறையைச் சீக்கிரம் திருத்திவிடலாம்.

இங்கேதான் உங்கள் கிரிக்கெட் கண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைக்கவேண்டும். இரு உள்ளங்கையையும் சேர்த்து 'சாஃப்ட் ஹேண்ட்ஸ்' என்று நாம் ரசிக்கிற பிடி இங்கே கணக்கில்லை. கையுறை நேரத்தோடு தரையில் திறந்திருக்கிறதா, பந்து வந்ததும் மறுகை மேலிருந்து மூடுகிறதா என்று பாருங்கள். பந்தை விட்டுவிடுவது கிரிக்கெட்டில் பொறுமை. இங்கே அடிக்கக்கூடிய ஸ்ட்ரைக் எல்லையின் மூலையில் வந்ததை மூன்று முறை விட்டால் வீடு திரும்பவேண்டியதுதான். லெக் சைடில் நைசாகத் திருப்பிவிடுவது ஃபவுல் (களக் கோட்டுக்கு வெளியே போன பந்து). ஆனால் ஒன்று: உயரமான கேட்சின் கீழே சரியாகப் போய் நிற்கும் பெண்ணை உங்கள் கண் சட்டென்று பிடித்துவிடும். அந்தக் கண்ணை அவுட்ஃபீல்டுக்குப் பயன்படுத்துங்கள்.

கிரவுண்டர் (தரையோடு வரும் பந்து) சோதனைக்கு ஒவ்வொருவரையும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்துங்கள். பத்து பந்து: நாலு நேராக, மூன்று கையுறைப் பக்கம், மூன்று மறுபக்கம். ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளட்டும். மட்டையில் பட்ட நொடியிலிருந்து முதல் பேஸ் கையுறையில் விழும் நொடி வரை அளக்கவேண்டும். பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான். வேகமான 12 வயதுப் பெண் ஹோமிலிருந்து (பேட்டர் நிற்கும் இடம்) முதல் பேஸுக்கு மூன்றேகாலிலிருந்து மூன்றரை விநாடிக்குள் போய்விடுவாள். அழகாகப் பிடித்து, நிமிர்ந்து, ஒரு தட்டு தட்டி எறிகிறவளுக்கு நாலு விநாடி ஆகிறதென்றால் அவள் அழகாகத் தோற்கிறாள். கொஞ்சம் அவலட்சணமாக வாரி எடுத்து 3.2-ல் சேர்க்கிறவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டிங்குக்கு வலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் கீழ்க்கையாகப் போட்டுத் தர பத்து பந்து, பிறகு உண்மையான பிட்சரிடம் எட்டு, கடைசியில் பண்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி வைப்பது) மூன்று. எந்திரம் வேண்டாம். எந்திரத்தோடு பழகியவளுக்கே அது சாதகம். தூரத்தைப் பார்த்து வாய்பிளக்க வேண்டாம், முன்கால் நேரத்தோடு ஊன்றுகிறதா என்று பாருங்கள். 40 அடியிலிருந்து மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குச் சற்று மேல் ஆனதும் ஹோம் தட்டை எட்டிவிடும். கால் தாமதித்தால் கை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. வகுப்பிலேயே உயரமான, சீக்கிரம் வளர்ந்த பெண்ணிடம் இந்தக் குறை மறைந்து கிடக்கும், ஏனென்றால் உடம்பின் பலமே பந்தை வேலிக்கு அனுப்பிவிடும். இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள்.

பிட்சர்களுக்குத் தனியாக அரை மணி ஒதுக்குங்கள். உடம்பைச் சூடாக்கிய பிறகு ஒரு பேட்டரை நிறுத்தி (அடிக்கவேண்டாம், நின்றால் போதும்) 25 பந்து. பிடிப்பவர் ஸ்ட்ரைக் மட்டும் எண்ணட்டும். 15 வந்தால் நல்லது. அது அறுபது சதவீதம். வேகத் துப்பாக்கியில் 52 காட்டி, பாதி பந்து பேட்டரின் தலைக்கு மேல் போகிற பெண்ணைவிட 45-ல் ஸ்ட்ரைக் வீசுகிறவள் 12யூவில் அதிக ஆட்டம் ஜெயித்துத் தருவாள். இந்த வயதில் ஒரு வாக் (நாலு பந்து ஸ்ட்ரைக் ஆகாமல் போய், பேட்டருக்கு முதல் பேஸ் இனாமாகக் கிடைப்பது) என்பது வெறும் வாக் அல்ல. வாக், உடனே ஒரு ஸ்டீல் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓடல், ஒரு ரன். மட்டையில் பந்து படாமலே. பிறகு சேஞ்ச் அப் கேளுங்கள். கை அதே வேகத்தில் சுழன்று பந்து மட்டும் மெதுவாக வரவேண்டும். கையையே மெதுவாக்குகிறவளைப் பேட்டர் படித்துவிடுவாள்.

எண்ணிக்கையில் வராத ஒன்றும் இருக்கிறது. தொடர்ந்து மூன்று 'பால்' (ஸ்ட்ரைக் ஆகாத பந்து) வீசியபின் அவள் எங்கே பார்க்கிறாள்? கேட்சரின் கையுறையையா, வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவையா? தேர்வு முடிந்ததும் கேளுங்கள்: "வாரத்துல எத்தனை நாள் வீசுறே? யார் பக்கெட்ல உட்கார்ந்து பிடிப்பாங்க?" வாரம் மூன்று நாள், வீட்டில் ஒருவர் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து பிடிக்கிறார் என்றால் அவள் இரண்டு மாதத்தில் இன்னும் நன்றாக வீசுவாள். அப்படி யாரும் இல்லையென்றால் இன்று பார்த்ததுதான் அவளுடைய உச்சம்.

கேட்சரிடம் பலரும் கையின் பலத்தை அளக்கிறார்கள். அளக்கவேண்டியதுதான். கையுறையில் பந்து விழும் சத்தத்திலிருந்து இரண்டாம் பேஸ் கையுறையில் விழும் சத்தம் வரை, ஹோமிலிருந்து கிட்டத்தட்ட 85 அடி. பந்து பிட்சரின் கையை விட்டதும் முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரி இரண்டாம் பேஸுக்குக் கிளம்பலாம். பந்து வந்து சேர அரை விநாடிக்குச் சற்று மேல், கேட்சருக்கு 2.5 என்றால் மொத்தம் மூன்று சொச்சம். பிடிக்க வாய்ப்புண்டு. 2.8 என்றால் வேகமான ஓட்டக்காரிக்கு இரண்டாம் பேஸ் இனாம். ஆனால் இதைவிட முக்கியம், ஆறு பந்தை வேண்டுமென்றே தரையில் குத்திப் போட்டு எத்தனையைத் தடுக்கிறாள் என்று எண்ணுவது. கையுறையை நீட்டி மீன் பிடிக்கிறவள் தோற்பாள். முட்டி போட்டு, தாடையை மார்பில் புதைத்து, உடம்பைச் சுவராக்குகிறவள் ஜெயிப்பாள். 12யூவில் மூன்றாவது ஸ்ட்ரைக் பந்து தரையில் விழுந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம் என்ற விதி இருப்பதால், தடுக்கத் தெரியாத கேட்சர் உங்கள் பிட்சரின் ஸ்ட்ரைக் அவுட்டையே தின்றுவிடுவாள்.

இரண்டாம் நாள் கடைசி நாற்பது நிமிடம் ஆட்டமாக ஆடவிடுங்கள். ஒரு மதிப்பீட்டாளர் பந்தைப் பார்க்கவே கூடாது, பந்து இல்லாத பக்கம் மட்டும் பார்க்கவேண்டும். மூன்றாம் பேஸ் பக்கம் கிரவுண்டர் போகிறது. எல்லோர் கண்ணும் அங்கே. ரைட் ஃபீல்டில் நிற்கும் 17-ஆம் எண், யாரும் சொல்லாமல், முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்து நிற்கிறாள், எறிதல் தவறினால் பிடிக்க. எறிதல் தவறவில்லை. அவள் திரும்ப ஓடிப்போய்விட்டாள். அடுத்த கிரவுண்டருக்கும் வந்தாள். 31 பேரில் இப்படி இரண்டு பேர்தான் இருப்பார்கள். அடிக்கத் தெரியாவிட்டாலும் அந்த இருவரில் ஒருத்தியை எடுங்கள்.

வயதிலும் ஒரு கலவை வேண்டும். 10யூவிலிருந்து இப்போதுதான் ஏறிவந்தவர்களுக்கு 11 அங்குலப் பந்து 12 ஆகியிருக்கும், வீசும் தூரம் 35 அடியிலிருந்து 40 அடி ஆகியிருக்கும். முதல் மூன்று மாதம் சின்னப் பிள்ளைகளாகத் தெரிவார்கள். அதற்காகத் தள்ளிவிட்டு இரண்டாம் வருடக்காரர்களாகவே 12 பேரை எடுத்தால், அடுத்த ஆகஸ்டில் எல்லோரும் ஒரே நாளில் 43 அடி தூரமுள்ள 14யூவுக்கு ஏறிவிடுவார்கள். உங்கள் கையில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். ஐந்து பேராவது முதல் வருடக்காரர்களாக இருக்கட்டும்.

பெற்றோரைத் தேர்வு செய்ய முடியாது என்பார்கள். முடியும், ட்ரைஅவுட்டுக்கு முன்பே ஒரு பக்கத் தாள் கொடுத்தால் பாதிப் பேர் தாங்களே விலகிக்கொள்வார்கள். எத்தனை போட்டி, வாரத்துக்கு எத்தனை பயிற்சி, யாருக்கு எவ்வளவு ஆட்ட நேரம், எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். பணக் கணக்கை உடைத்தே காட்டுங்கள். நுழைவுக் கட்டணம் போட்டிக்கு 500 டாலர், 10 போட்டி என்றால் 5,000, தலைக்கு 417. அதற்கு மேல் சீருடை, குளிர்கால உள்ளரங்க வாடகை, காப்பீடு, பந்து. "கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்கு வழி உண்டா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் சாஃப்ட்பால் ஆடும் பெண்ணோடு பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன் பேசவே கூடாது என்பது விதி. 11 வயதில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு பந்துக்கும் மகளுக்கு உத்தரவு போடும் அப்பாவையும் அந்த இரண்டு நாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றால் அந்தக் குறிப்பு முடிவு செய்யட்டும்.

சங்க நண்பர்கள் விஷயத்தை ட்ரைஅவுட்டுக்கு முன்பே பேசி முடியுங்கள், வாட்ஸாப்பில் அல்ல, நேரில். "எண்ணைப் பார்த்துத்தான் எடுப்போம், மதிப்பெண் போடுறது நான் இல்ல" என்று சொல்லுங்கள். இன்று கோபித்துக்கொண்டால் பொங்கல் விழாவுக்குள் ஆறிவிடும். தகுதியில்லாமல் எடுத்து, வாரா வாரம் பெஞ்சில் உட்காரவைத்தால் ஆறவே ஆறாது. இடம் கிடைக்காத பெண் ஆர்வமாக இருந்தால் பயிற்சிக்கு மட்டும் வரச் சொல்லலாம். ஆனால் அது பயிற்சிக்கு மட்டும்தான் என்று எழுத்தில் இருக்கட்டும்.

ஞாயிறு இரவே தொலைபேசியில் பேசுங்கள். முதலில் பிட்சர்கள், பிறகு கேட்சர்கள். அவர்கள் கையில் அன்றைக்கே வேறு இரண்டு அணிகளின் அழைப்பும் இருக்கும். 48 மணி நேரம் கொடுங்கள், முன்பணம் வந்தபிறகே இடம் உறுதி. காத்திருப்பில் இருப்பவரிடம் காத்திருப்பில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், இழுக்காதீர்கள். கிடைக்காதவர்களுக்கும் தனித்தனியாகத் தகவல் போகவேண்டும், அந்தப் பெண் திருத்திக்கொள்ளக் கூடிய ஒரே ஒரு விஷயத்தோடு: "எறியும்போது கால் குறுக்கே போகிறது" என்பது போல. பட்டியலைப் பொதுவில் ஒட்டாதீர்கள். வேறு அணியில் சீசன் முடியாமல் இருக்கும் பெண்ணை நீங்களாகப் போய்க் கூப்பிடவும் வேண்டாம். அந்த ஊரில் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

இரண்டு நாளும் முடிந்தபின் உண்மையான பிட்சர் ஒருத்திதான் தேறினாள் என்றால், இந்த வருடம் அணியைப் போட்டிகளுக்கு அனுப்பாதீர்கள். வாரம் இரண்டு பயிற்சி, மாதம் ஒரு நட்பு ஆட்டம், இரண்டு பேரை விண்ட்மில் பழக்குவது என்று குளிர்காலத்தை ஓட்டிவிட்டு வசந்தத்தில் இறங்குங்கள்.

அந்த இடது கைப் பெண்ணை எடுக்கலாம், ஷார்ட்ஸ்டாப்புக்கு அல்ல. அங்கே பந்தை வாங்கி முதல் பேஸுக்கு எறிய அவள் உடம்பை முழுதாகத் திருப்பவேண்டும். அதற்கு ஆகும் நொடியில் ஓட்டக்காரி பேஸைத் தாண்டியிருப்பாள். இரண்டாம், மூன்றாம் பேஸிலும் இதே தொல்லை. முதல் பேஸ், அவுட்ஃபீல்ட், வீச்சுக் களம் மூன்றும் அவளுக்குத் திறந்திருக்கின்றன. முதல் பேஸில் அவளுடைய கையுறை வலது கையில், களத்தைப் பார்த்தபடி இருப்பது சாதகம்கூட. இடது பக்கம் நின்று அடிக்கிறவளா என்றும் பாருங்கள். அப்படியானால் முதல் பேஸுக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறாள், ஓடிக்கொண்டே தட்டிவிடும் ஸ்லாப் பழக்கலாம். ஷார்ட்ஸ்டாப் கிடையாது என்பதை ட்ரைஅவுட் அன்று காலையிலேயே, அவள் அப்பாவிடம் அல்ல, அவளிடம் சொல்லுங்கள். முகம் சுருங்கும். அதன்பிறகும் முதல் பேஸ் வரிசையில் போய் நிற்கிறாளா என்று பாருங்கள்.